பாஸைச் சுழற்றியவனும் என் அண்ணனும்

வேகமாக வாசிப்பவனைக் கண்டதும் கைதட்டுகிறவர்கள் மேல் எனக்கு இந்த வயதிலும் கோபம் தீரவில்லை. விரல் ஓடுகிறது என்பதற்காகக் கைதட்டுவது, ஒருவன் வேகமாகப் பேசுகிறான் என்பதற்காக அவன் சொன்னதை ஒப்புக்கொள்வது போலத்தான். என்ன சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. இப்படி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு வேலையைச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். எழுதினால் எழுந்து போக முடியாதல்லவா.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர். அண்ணனும் நானும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் வீட்டில் இரண்டு தமிழ் ஓடியது. அப்பா கடைசிவரை தன் ஊர்ப் பேச்சை விடவில்லை. எங்களுக்கு ராயபுரத்துப் பேச்சுதான் வந்தது. அண்ணன் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் பியானோ வாசிப்பேன். பாதிரியாரின் மனைவி கற்றுக்கொடுத்தது.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு, ரயில்வேயில் இருந்த சட்டைக்காரக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கப்பலேறத் தொடங்கின. ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கிளப் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே டான்ஸ் நடக்கும். அதற்கு வாசிக்கிற பேண்டில் பியானோ வாசித்தவரும் பாஸ் வாசித்தவரும் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். பேண்டை நடத்தியவர் ஒரு ரயில்வே கார்டு, சாக்ஸபோன் வாசிப்பவர். கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவர் நேராக எங்கள் கடைக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கோயிலில் வாசிப்பது வேறு, கிளப்பில் வாசிப்பது வேறு என்றார். அண்ணன்தான் துணைக்கு வருவதாகச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தான். ஓரமாகக் குந்திக்கொண்டிருந்துவிட்டு என்னைத் திரும்ப அழைத்து வருவதுதான் அவனுக்கு வேலை.

அந்த ஓரத்தில்தான் பாஸ் நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் பிடில், நான்கு தடித்த நரம்பு, வாசிக்க ஆளில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அண்ணன் அதைத் தொட ஆரம்பித்தான். யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பியானோவில் ஒரு கட்டையை அமுக்கச் சொல்வான், அதே சத்தம் நரம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுவான். விரல் நுனியெல்லாம் கொப்பளித்து உடைந்தது. பாய்லர் வேலை பார்க்கிற கைக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்பான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பேண்டில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

அவன் வாசிப்பு எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள். மற்றவர்கள் பத்து சுரம் வாசிக்கிற இடத்தில் அவன் இரண்டு வாசிப்பான். சில சமயம் ஒரு முழு வரிக்குக் கையை எடுத்துவிட்டு நிற்பான். அந்த வரியில் என் பியானோ தரையில்லாத வீடு மாதிரி ஆகிவிடும், பயமாக இருக்கும். அடுத்த வரியில் அவன் உள்ளே வரும்போது கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிற அத்தனை பேர் உடம்பிலும் ஒரு நிமிர்வு தெரியும். அதே பாட்டுக்குப் போன வாரம் வாசித்ததை இந்த வாரம் வாசிக்க மாட்டான். ஏன் மாற்றினாய் என்று கேட்டால், இன்றைக்கு ஆட வந்தவர்கள் வேறு என்பான்.

அந்தக் கிளப்புக்கு வாரம் தவறாமல் ஒரு கிழத் தம்பதி வருவார்கள். அவர் ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர். அந்த அம்மாளுக்கு எப்போதோ கீழே விழுந்து இடது கால் முறிந்து, கூடியபோது சற்றுக் குட்டையாகிவிட்டது. விந்தி விந்தித்தான் நடப்பார்கள். ஆனாலும் வால்ட்ஸ் என்றால் எழுந்து வந்துவிடுவார்கள். வால்ட்ஸ் மூன்று மூன்றாக எண்ணி ஆடுவது. ஒரு மூன்றில் வலது கால் முதலில் விழும், அடுத்த மூன்றில் இடது கால்.

ஒரு சனிக்கிழமை, அண்ணன் தாளத்தைச் சரியாக வைக்கவில்லை என்று டிரம்ஸ்காரர் முறைத்தார். எனக்கும் ஏதோ உறுத்தியது. ஒரு மூன்று சரியாக விழுந்தது, அடுத்த மூன்று ஒரு மூச்சு பிந்தி விழுந்தது. அண்ணன் நரம்பைப் பார்க்கவே இல்லை. அவன் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். அந்த அம்மாளின் இடது கால். அது தரையைத் தொடுகிற நேரத்தில்தான் அவன் விரல் நரம்பை விட்டது. அவர்கள் தாளத்தோடு போகாமல் தாளம் அவர்களோடு போனது. கூடத்தில் வேறு யாருக்கும் அது இடறவில்லை. சொல்லப்போனால் அந்த இழுப்பில் வால்ட்ஸ் இன்னும் நன்றாக இருந்தது, எல்லோருமே கொஞ்சம் சாய்ந்து ஆடினார்கள். அன்றிலிருந்து நானும் என் இடது கையை அவனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். டிரம்ஸ்காரரும் பழகிக்கொண்டார். இதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். அப்புறம் கல்கத்தாக்காரன் வந்தான்.

அவன் கிளப் செக்ரெட்டரிக்கு ஏதோ உறவு. கல்கத்தாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வாசித்தவன். வெள்ளை ஷூ, மெழுகு போட்டு வாரிய தலை, கண்ணாடி மாதிரி மினுக்குகிற சொந்த பாஸ். முதல் நாளே அந்த பாஸை அதன் ஒற்றைக் காலில் பம்பரம் போலச் சுழற்றிவிட்டான். சுழன்று வருவதற்குள் ஒருமுறை கைதட்டிவிட்டுப் பிடித்தான். முட்டி போட்டு வாசித்தான், முதுகுக்குப் பின்னால் கையை விட்டு வாசித்தான். நரம்பை இழுத்துப் பலகையில் அறைந்து சடசடவென்று சத்தம் எழுப்பினான். கூடம் முழுக்க விசில்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அவன் விரல் ஓடிய வேகத்துக்கு நான் பார்த்த எவனும் ஓட்டியதில்லை. எத்தனையோ வருஷம் உட்கார்ந்து பழகாமல் அது வராது. என் ஆத்திரமே அதுதான். அவ்வளவு பழகியவன் ஒரு பாட்டையாவது காது கொடுத்துக் கேட்டானா? சோகப் பாட்டுக்கும் அதே ஓட்டம், கும்மாளத்துக்கும் அதே ஓட்டம். ஒரே படிக்கட்டில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பான். மூன்றாவது வாரமே அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சாக்ஸபோன் ஒரு வரியை மெதுவாக எடுத்துக்கொண்டு போகும்போது குறுக்கே விழுந்து சுழற்றுவான். ஜனம் சாக்ஸபோனை மறந்துவிட்டு அவனைப் பார்க்கும். அதுதான் அவனுக்கு வேண்டியது.

பேண்டு மாஸ்டர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான், முகத்தை நேராகப் பார்க்க முடியாமல்தான் பேசினார்.

“இன்னா பண்றது மேன், ஜனங்களுக்கு அவன்தான் புடிச்சிகீது. கொஞ்ச நாளு நீ வேற ஏதாச்சும் வாசி.”

வேறு ஏதாச்சும் என்று அவர் கொடுத்தது ஒரு ஜோடி கிலுகிலுப்பை. சுரைக்குடுக்கைக்குள் மணி போட்டது. அதை ஆட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கிளப்பின் பழைய பாஸை, மடக்கு நாற்காலிகள் போட்டு வைக்கிற அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அண்ணன் கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் திட்டிக்கொண்டே வந்தேன், நாம் இருவரும் நின்றுவிடலாம் என்றேன். அவன், நீ பியானோவை விடாதே, நீயும் போய்விட்டால் அந்த அம்மாள் எதைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்றான்.

ஆனால் என் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்கத்தாக்காரனுடைய சடசடப்பில் பியானோவின் கீழ்ச்சத்தம் அமுங்கிப் போனது. அந்த அம்மாள் இரண்டு வாரம் முயன்று பார்த்தார்கள். பாதியில் நின்று, கணவரிடம் ஏதோ சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் எழுந்திருக்கவே இல்லை. வயதாகிவிட்டது, கால் ஒத்துழைக்கவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னார்கள். தன் கால் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பழிக்கு உரியவன் முட்டி போட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை அந்தத் தம்பதிக்கு வழியனுப்பு. ஆஸ்திரேலியாவில் மகனிடம் போகிறார்கள். கூடத்தில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். செக்ரெட்டரி பேசினார். பிறகு கடைசியாக ஒரு வால்ட்ஸ், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று மாஸ்டர் அறிவித்தார். மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் வேண்டாமென்றுதான் தலையாட்டினார்கள். கணவர் கையைப் பிடித்து மெல்ல எழுப்பினார்.

மெதுவான பாட்டு. முதல் வரி ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது வரியில் கல்கத்தாக்காரன் தன் ஓட்டத்தைத் தொடங்கினான். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டை அடைத்தான். அவர்கள் கால் தரையைத் தேடியது எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் பாஸைச் சுழற்றினான், ஜனம் விசிலடித்தது, அந்த அம்மாளின் இடது கால் தப்பான இடத்தில் விழுந்து மடங்கியது. கணவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் தரையில் விழுந்திருப்பார்கள். கூடத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. அவர்கள் சுழல்கிற பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றன. மாஸ்டர் குனிந்து, வாசிம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் எழுந்து நின்றேன். அந்தக் கூடத்தில் அதுவரை நான் வாயைத் திறந்து உரக்கப் பேசியதே கிடையாது.

“அந்தம்மா காலு வைக்க எடம் குடுங்க. வெளையாட்டெல்லாம் அப்பால காட்டிக்கலாம்.”

கல்கத்தாக்காரன் சிரித்தான். வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாத பெண்கள் சர்ச்சுக்கே திரும்பிப் போகலாம் என்று இங்கிலீஷில் சொன்னான். சிலர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். வேகத்துக்கு ஈடு கொடுக்கக் கை போதும், உன்னோடு வாசிக்கத்தான் காதை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று நானும் அதே இங்கிலீஷில் சொன்னேன். சிரிப்பு நின்றது. என் அண்ணனிடம் பாஸைக் கொடு என்றேன். அது தன் சொந்த பாஸ், எவனும் தொட முடியாது என்று சொல்லிவிட்டு அவன் அதன் மேல் சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைத்தான். கிளப்பின் பழைய பாஸ் நாற்காலி அறையில் நரம்பு தளர்ந்து கிடந்தது, எடுத்துச் சுருதி சேர்க்க நேரமில்லை.

அண்ணன் கிலுகிலுப்பையைப் பியானோவின் மேல் வைத்தான். வந்து என் பக்கத்தில், முக்காலியின் இடது ஓரத்தில் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் நவுரு பாப்பா. கீழ நான் பாத்துக்கறேன், மேல நீ வாசி.”

அவனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. பாஸுக்குச் சுருதி சேர்ப்பதற்காகக் கீழே சில கட்டைகள் அவனுக்குப் பழக்கம், அவ்வளவுதான். ஒரு கையில் ஒரே விரலை நீட்டி, சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரி ஒரு கட்டையைத் தொட்டான். கழுத்தைத் திருப்பி அந்த அம்மாளின் காலைப் பார்த்தான். அவர்கள் இன்னும் கணவரின் தோளைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றிருந்தார்கள்.

நான் பாட்டை முதலிலிருந்து எடுத்தேன். அவன் ஒரு விரலால் ஒரு சத்தம் வைத்தான். அடுத்ததை ஒரு மூச்சு பிந்தி வைத்தான். அவர்கள் கால் அதில் வந்து விழுந்தது. நாலைந்து சுரத்துக்கு மேல் அவன் வாசிக்கவே இல்லை. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் தேய்த்து வாசிக்கிற பிரஷ்ஷை எடுத்தார். இரண்டாவது முறை பாட்டு திரும்பும்போது மாஸ்டரும் சாக்ஸபோனை வாயில் வைத்தார். அவர் அப்படி வாசித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அந்தக் கிழவரும் கிழவியும் கூடத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றி வந்தார்கள்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வேடிக்கை முடிந்துவிட்டது என்று பாதிப் பேர் வராந்தாவுக்குக் குடிக்கப் போய்விட்டார்கள். சுவரோரம் நின்ற சில பெண்கள் தட்டினார்கள். ஆடி முடித்ததும் அந்த அம்மாள் மூச்சு வாங்கப் பியானோவுக்கு வந்து, அண்ணனுடைய கையைப் புரட்டி அந்த ஒரு விரலைப் பார்த்தார்கள்.

“இத்தினி நாளு என் காலு சரியாயிட்ச்சின்னு நென்ச்சிகினு இருந்தேன். நீதானா அது?”

அண்ணன் எழுந்து நின்று வேஷ்டியைச் சரி செய்துகொண்டான். அந்த அம்மாள் அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அவர்கள் கப்பல் போய்விட்டது.

அதே வாரம் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார். செக்ரெட்டரி சொல்லி அனுப்பியிருக்கிறார், இனி எங்கள் இருவரையும் வரவேண்டாம் என்று. கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே அவர் அப்பாவிடம் சொன்னார். பெண்ணைக் கிளப்புக்கு அனுப்பவே மாட்டேன் என்ற அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தராசை நிறுத்திவிட்டு, என் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டார். தப்பு ஒன்றுமில்லை, ஜனங்களுக்குச் சுழற்றி வாசிக்கிறவன்தான் வேண்டுமாம் என்றார் மாஸ்டர்.

“சுத்துறதப் பாக்கணும்னா ராட்டினத்துக்குப் போவச் சொல்லும்வே. அதுக்கு எதுக்குப் பாட்டு?” என்றார் அப்பா.

இசையைப் பற்றி அப்பா தன் ஆயுளில் சொன்னது அது ஒன்றுதான். எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசியதைவிட அது எனக்குச் சரியாகப் பட்டது.

கல்கத்தாக்காரனுக்கு ஒரு குறையும் வரவில்லை. கிளப்பில் இன்னும் கொஞ்ச காலம் இருந்தான். பிறகு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் சேர்ந்தான். பத்திரிகையில் அவன் படம் வந்தது, பாஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். தென்னிந்தியாவின் தலைசிறந்த பாஸ் வாசிப்பாளர் என்று கீழே போட்டிருந்தார்கள். படத்தில் சத்தம் கேட்காது, எழுதியவருக்கு அது வசதியாகப் போயிற்று. நான் அந்தக் காகிதத்தில்தான் அன்றைக்கு மீன் சுத்தம் செய்தேன்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்து, தோளில் சுற்றிப் போட்டு ஊதுகிற பெரிய பித்தளைக் குழலை எடுத்துக்கொண்டான். காசிமேட்டில் மீன்பிடிக்காரர் வீட்டுக் கல்யாணங்கள், திருவொற்றியூரில் தேர். அங்கேயும் அவன் குறைவாகத்தான் ஊதினான். மணலில் ஊர்வலம் போகும்போது ஒரு மாதிரி, கல் பாவிய தெருவில் வேறு மாதிரி. அவனுக்கு அங்கே சந்தோஷமாகவே இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாய் வீங்கியிருக்கும், இன்றைக்கு என்ன மாற்றினேன் தெரியுமா என்று சோறு தின்றுகொண்டே சொல்லுவான்.

சில வருஷம் கழித்து அந்த பேண்டுக்காரர் தன் கடைக்குப் புதிதாகப் போர்டு எழுதினார். செட்டில் இருந்த எல்லோரையும் வரிசையாக வரைய வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வளைந்து வளைந்து ஊதுகிற கிளாரினெட்காரர் நடுவில் பெரிதாக இருந்தார். டிரம்பெட், மேளம், ஜால்ரா போடுபவர்கூட இருந்தார்கள். அண்ணன் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன்.

“எடம் பத்தலமா. அந்தக் கொழலு எம்மாம் பெர்சு கீது பாரு, அத்த வரஞ்சா மத்தவன்லாம் எங்க நிக்கறது?” என்றார்.

இரண்டு பக்கமும் தென்னைமரம் வரைய இடம் இருந்ததே, அதில் ஒன்றை அழிக்கலாமே என்றேன். வாசலில் வேடிக்கை பார்க்க ஆள் சேர்கிறவரை நின்று பேசினேன். அவர் சலித்துப்போய், சரி, பெயிண்டர் வரும்போது சொல்கிறேன் என்றார். சொல்லவும் செய்தார். அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன். வலது ஓரத்துத் தென்னைமரத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் குழலின் பெரிய வாயை மட்டும் வரைந்திருந்தார்கள். அதை ஊதுகிறவன் போர்டின் மரச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டான். ஒரு கை தெரிந்தது, அதிலும் முழங்கைவரைதான்.

அண்ணனை அழைத்துப்போய்க் காட்டினேன். அவன் சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு, கை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். பஸ்ஸில் திரும்பும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளும் போய் அந்தக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.